சுமை ஏறினால் விழும் நெட்வொர்க் கார்ட்: டிரைவர்தானா காரணம்?

பகல் முழுக்க ஒழுங்காக ஓடும் சேர்வர், இரவு பேக்கப் தொடங்கியதும் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போகிறது. சில நாள் ஐந்தாறு வினாடியில் தானாகத் திரும்பி வரும். சில நாள் வரவே வராது. காலையில் யாராவது போய் பவர் பட்டனை அழுத்த வேண்டும். கொழும்பில் சிறிய அலுவலகம், டியூஷன் நிலையம், அச்சகம் என்று எங்கே கணினி வேலை பார்த்தாலும் இந்தக் கோளாறு ஒருநாள் வந்து சேரும். அங்கெல்லாம் சேர்வர் என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் ஒரு சாதாரண டெஸ்க்டொப். மதர்போர்டிலேயே இருக்கும் ரியல்டெக் சிப்தான் அதன் நெட்வொர்க் கார்ட். சிசிடிவி பதிவு, கணக்கு மென்பொருள், கோப்புப் பகிர்வு எல்லாம் அந்த ஒரே போர்ட் வழியாகத்தான் போகும்.

இப்படி விழுந்தால் எல்லோரும் முதலில் கை காட்டுவது கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைத்தான். சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் பழுதான கேபிள், சூடான சிப், கார்டை மதர்போர்டோடு சேர்க்கும், மின்சாரம் சேமிக்கப் போய்த் தூங்கிவிடும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு, வேலை தாங்காத சிபியு எல்லாமே வெளியில் இதே அறிகுறியைத்தான் காட்டும். எது உண்மையான காரணம் என்பதை கார்டும், இயக்க முறைமையின் மையமான கேர்னலும் எண்ணி வைத்திருக்கும் எண்களில் பார்க்கலாம். அந்த எண்களை எந்த வரிசையில் எடுப்பது, எடுத்த பிறகு என்ன செய்வது என்பதை லினக்ஸை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸுக்குக் கீழே தனியாகக் கொஞ்சம் இருக்கிறது. கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன்; பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று சொல்லும் இடங்களில் கவனமாகப் பாருங்கள், மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

முதல் வேலை: ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் தடயத்தை எடுப்பது

மெஷின் முன்னால் உட்கார முடிந்தால், கைவைக்கும் முன், கேர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். யாரோ ஏற்கெனவே ரீஸ்டார்ட் செய்துவிட்டார்கள் என்றால், ஜேர்னல்சிடிஎல் கட்டளையோடு சிறிய கே, சிறிய பி, கழித்தல் 1 என்று கொடுத்தால் முந்தைய ஓட்டத்தின் கேர்னல் செய்திகள் கிடைக்கும். வார் கோப்புறைக்குள் லொக், அதற்குள் ஜேர்னல் என்ற கோப்புறை இருந்தால்தான் அவை டிஸ்க்கில் நிற்கும். இல்லாவிட்டால் இப்போதே அதை உருவாக்கி வையுங்கள், அடுத்த முறைக்கு உதவும்.

அங்கே தேட வேண்டியது மூன்று வகைச் செய்திகள். ஒன்று, 'நெட்டெவ் வாட்ச்டாக்' என்று தொடங்கி 'டிரான்ஸ்மிட் கியூ', 'டைம்ட் அவுட்' என்ற சொற்களோடு வருவது. இரண்டு, இன்டெல்லின் ஈ1000ஈ டிரைவர் எழுதும் 'டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்'. மூன்று, பிசிஐ பக்கத்திலிருந்து வரும் 'ஏஇஆர்' என்ற பிழை அறிக்கை வரிகள்.

முதல் செய்தியைத்தான் பலர் பிழையாகப் படிக்கிறார்கள். கேர்னல் ஒரு பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்பச் சொல்லி கார்டின் வரிசையில் போட்டது. வழக்கமாக 5 வினாடி கழிந்தும் 'அனுப்பிவிட்டேன்' என்று கார்ட் பதில் சொல்லவில்லை. எனவே டிரைவரிடம் கார்டை ரீசெட் செய்யச் சொல்கிறது. அந்த வரி சொல்வது இவ்வளவுதான். அதற்குள் டிரைவரின் பெயர் அடைப்புக்குறியில் வருவதால் பழி டிரைவர்மேல் விழுகிறது. பதில் சொல்லாதது கார்ட். ஏன் சொல்லவில்லை என்று அந்த வரிக்குத் தெரியாது.

இதற்கு நல்ல சான்று 2013இல் வெளிவந்தது. இன்டெல் 82574எல் சிப் கொண்ட சில மதர்போர்டுகளில், உள்ளே குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட பைட் இருக்கும் ஒரே ஒரு பாக்கெட் வந்தாலே கார்ட் முழுதாக முடங்கியது. டிரைவரில் தேடினால் ஆயுள் முழுக்கத் தேடியிருக்கலாம். ஒரு மதர்போர்ட் தயாரிப்பாளர் சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் ஈஈப்ராம் நினைவகத்தில் பிழையான பதிவை ஏற்றியிருந்ததுதான் காரணம்.

மூன்று செய்தியும் இல்லை, 'லிங்க் இஸ் டவுன்', 'லிங்க் இஸ் அப்' என்று மட்டும் மாறி மாறி இருக்கிறதா? அப்படியானால் கேபிள், சுவிட்ச் போர்ட், மின்சேமிப்பு ஆகியவற்றின் பக்கம் பாருங்கள். டிரைவரைப் பிறகு பார்க்கலாம்.

கையில் இருப்பது என்ன சிப்?

எல்எஸ்பிசிஐ கட்டளைக்கு இரண்டு சிறிய என், ஒரு சிறிய கே சேர்த்தால் சிப்பின் பெயரும் அதை இயக்கும் டிரைவரும் வரும். கார்டின் நிலையைக் காட்டவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளைக்குச் சிறிய ஐ கொடுத்தால் டிரைவர் பதிப்பும், சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேரின் பதிப்பும் வரும். கேர்னல் பதிப்பையும் சேர்த்து மூன்றையும் எழுதி வையுங்கள்.

ரியல்டெக் என்றால் ஒரு நுணுக்கம். ஆர்டிஎல்8111, 8168 என்ற அதே பெயரில் உள்ளே வேறுபட்ட பல திருத்தங்கள் (சிப்பின் பதிப்புகள்) உண்டு. டிமெசேஜில், ரியல்டெக்குக்கான லினக்ஸ் டிரைவர் ஆர்8169 எழுதும் வரியில் 'எக்ஸ்ஐடி' என்ற எண் வரும். எந்தத் திருத்தம் என்று அதுதான் காட்டும். 'என்னிடமும் 8111 இருக்கிறது, எனக்கு இந்தத் தீர்வு வேலை செய்தது' என்று யாராவது சொன்னால், இந்த எண்ணும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். கூடவே, ரியல்டெக் ஃபர்ம்வேர் கோப்பு ஏறியதா என்றும் பாருங்கள். டெபியனில் அது தனிப் பொதியாக வரும், 2023இல் வந்த டெபியன் 12க்கு முந்தைய பதிப்புகளில் நிறுவும்போது விடுபடுவது சாதாரணமாக இருந்தது.

கோளாறை நாமே வரவழைப்பது

இரவு வரை காத்திருந்து பார்க்கும் முறையில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. விரும்பிய நேரத்தில் விழவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்னொரு கணினியை நல்ல கேபிளில் நேராக இணைத்து, இரண்டிலும் வேகம் அளக்கும் ஐபர்ஃப்3 கருவியைப் போடுங்கள். ஒன்றில் சிறிய எஸ், மற்றதில் சிறிய சி. 1 ஜிகாபிட் கார்டில் டிசிபி வேகம் 940 மெகாபிட் அளவுக்கு வர வேண்டும். பெரிய ஆர் கொடுத்துத் திசையை மாற்றிப் பாருங்கள். பிறகு இரு திசையிலும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். ஒரு நிமிட ஓட்டம் போதாது. சூடு ஏற நேரம் எடுக்கும். அரை மணியாவது விடுங்கள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்வது முக்கியம். கார்டுக்கும் சிபியுவுக்கும் சுமை என்பது மெகாபிட் கணக்கில் வருவதில்லை, வினாடிக்கு எத்தனை பாக்கெட் என்பதில்தான் வருகிறது. 1 ஜிகாபிட் இணைப்பில் முழு அளவு பாக்கெட்டுகள் என்றால் வினாடிக்கு 81,274 தான் போகும். மிகச் சிறிய 64 பைட் பாக்கெட்டுகள் என்றால் 14,88,095 போகலாம். ஒவ்வொன்றுக்கும் 672 நானோ வினாடிதான் கிடைக்கும். பெரிய கோப்பை நகர்த்தும்போது அசையாமல் நிற்கும் கார்ட், சிறிய பாக்கெட்டுகள் வெள்ளமாக வரும்போது விழுவது இதனால்தான். எனவே யுடிபியில் சிறிய அளவு கொடுத்தும் ஓட்டிப் பாருங்கள். ஐபர்ஃப் முழு வேகத்துக்குச் சிறிய பாக்கெட்டுகளை அனுப்பாது. அதற்குக் கேர்னலுக்குள்ளேயே இருக்கும் பிகேடிஜென் வேண்டும். அலுவலகத்தின் பொதுச் சுவிட்ச்சில் அதை ஓட்டிவிடாதீர்கள்.

எண்களைப் படிப்பது

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். சுமை ஓடும்போது ஈத்டூல் பெரிய எஸ் வெளியீட்டை ஒரு தடவை எடுங்கள். சில நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். மொத்த எண்ணிக்கையில் பயன் இல்லை. இடையில் எவ்வளவு கூடியது என்பதைப் பாருங்கள். பெயர்கள் டிரைவருக்கு டிரைவர் மாறும், பொருள் பெரும்பாலும் ஒன்றே.

சிஆர்சி பிழை, அலைன் பிழை கூடினால் பாக்கெட் வழியிலேயே சிதைந்து வருகிறது. கேபிள், கனெக்டர், சுவிட்ச் போர்ட், அல்லது கார்டின் போர்ட் பழுது. எந்த டிரைவர் மாற்றமும் இதைத் தீர்க்காது.

மிஸ்ட் பிழை, நோ பஃபர் என்ற எண்கள் கூடினால் பாக்கெட் நல்லபடி வந்தது, வைக்க இடமில்லாமல் போனது. கார்ட் தன் வளையத்தில் (வந்த பாக்கெட்டுகளைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தில்) நிரப்புகிற வேகத்துக்குக் கேர்னல் எடுக்கவில்லை. வளையத்தில் 256 இடம் இருந்தால், முழு அளவு பாக்கெட்டுகளில் அது நிரம்ப 3 மில்லி வினாடிக்குச் சற்று மேல் ஆகும்; 64 பைட் பாக்கெட்டுகளில் 172 மைக்ரோ வினாடியே போதும். அவ்வளவு நேரம் சிபியு வேறு பக்கம் திரும்பினாலே இழப்புத் தொடங்கிவிடும்.

அப்போது சிபியு என்ன செய்துகொண்டிருந்தது என்று அறிய, ப்ரோக் கோப்புறைக்குள் நெட், அதற்குள் சாஃப்ட்நெட் ஸ்டாட் கோப்பைத் திறங்கள். ஒவ்வொரு சிபியு கோருக்கும் ஒரு வரி, எண்கள் பதினாறின் அடிமானத்தில். முதல் நிரல் கையாண்ட பாக்கெட்டுகள். இரண்டாவது, வரிசை நிரம்பிக் கைவிட்டவை. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: வேலை மிச்சமிருக்க, நேரமோ பாக்கெட் வரம்போ முடிந்து எழும்பிய தடவைகள். லினக்ஸ் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இன்டரப்ட் (கார்ட் சிபியுவை இடைமறித்து அழைக்கும் சைகை) வாங்குவதில்லை. 2001இல் ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்னெட்சோவ் மூவரும் விளக்கிய நேப்பி முறைப்படி, முதல் இன்டரப்ட் வந்ததும் அதை அணைத்துவிட்டு, வளையத்தைத் தானே போய்ப் பார்த்து அள்ளுகிறது. ஒரு சுற்றில் ஒரு கார்டிலிருந்து வழக்கமாக 64 பாக்கெட், மொத்தமாக 300 என்பது வரம்பு. மூன்றாம் நிரல் விறுவிறுவென்று கூடினால் இந்த வரம்பு போதவில்லை, அல்லது எல்லா வேலையும் ஒரே கோரில் விழுகிறது. ப்ரோக்கில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பைப் பார்த்தால் எது என்று தெரியும்.

டிஎக்ஸ் (அனுப்பும் பக்க) டைம்அவுட் எண் மட்டும் கூடுகிறது, மற்ற எதுவும் அசையவில்லை என்றால், அப்போதுதான் டிரைவர், ஃபர்ம்வேர், மின்சேமிப்பு மூன்றையும் சந்தேகிக்கலாம்.

அமைப்புகளைத் தொடுவதற்கு முன் பொருளைத் தொட்டுப் பாருங்கள்

கொழும்பில் இந்தக் கட்டத்தை யாரும் தவிர்க்கக் கூடாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கும் கட்டடங்களில் உப்புக் காற்று கனெக்டர்களைத் தின்றுவிடும். ஆர்ஜே45 முனைகளிலும் கார்டின் தங்க விளிம்பிலும் கறுப்போ பச்சையோ படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தனிக் கார்ட் என்றால் அதைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மறுபடி பொருத்துவதற்குப் பத்து நிமிடம் போதும்.

கேபிளை வெட்டிக் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கொஞ்ச நீளத்துக்கு ஓடும், நீளம் கூடக்கூடப் பிழை கூடும். ஜிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பியும் நன்றாக இருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். ஈத்டூல் காட்டும் வேகம் 1000க்குப் பதிலாக 100 என்று இருந்தால் ஒரு சோடி போய்விட்டது என்று முதலில் எண்ணுங்கள்.

இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மழை கொட்டும் ஊர் இது. இரு கட்டடங்களுக்கு இடையில் செப்புக் கேபிள் போட்டிருந்தால், அருகில் விழும் மின்னல் போர்ட்டை முழுதாகச் சாகடிக்காமல் பாதி பழுதாக்கிவிட்டுப் போகலாம். லிங்க் விளக்கு எரியும், பிங் போகும், சுமை ஏறினால் சிஆர்சி பிழை கொட்டும். அப்படிப்பட்ட போர்ட்டை அமைப்பால் சரிசெய்ய முடியாது. கட்டடங்களுக்கு இடையில் ஃபைபர் போடுங்கள்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகம் மூடும்போது ஏசியை அணைத்துவிட்டுப் போகிறோம். பேக்கப் தொடங்குவது அதற்குப் பிறகு. அதாவது கார்டுக்கு அதிக வேலை வரும் நேரமும் அறை மிகச் சூடாக இருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. 'பகலில் ஓடுகிறது, இரவில் விழுகிறது' என்ற புகாரில் இதை முதலில் பாருங்கள். டேட்டா சென்டரின் வேகமான காற்றோட்டத்துக்குச் செய்த பழைய 10 ஜிகாபிட் கார்டுகளைச் சாதாரணப் பெட்டிக்குள் போட்டால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். கார்டின் மேல் ஒரு சிறிய விசிறியை நேராகத் திருப்பி வைத்துச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். விழவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது.

பிசிஐ இணைப்பையும் பார்க்க வேண்டும். எல்எஸ்பிசிஐக்கு இரண்டு சிறிய வி கொடுத்து, லிங்க் கேப் வரியையும் லிங்க் ஸ்டா வரியையும் ஒப்பிடுங்கள். முதல் தலைமுறை ஒற்றைத் தடம் வினாடிக்கு 250 மெகாபைட் தரும். 1 ஜிகாபிட்டுக்கு 125 போதும்; 10 ஜிகாபிட்டுக்கு 1,250 வேண்டும். நான்கு தடக் கார்ட் ஒற்றைத் தடமாக இறங்கி ஓடிக்கொண்டிருந்தால் அதை வேறு இடத்தில் பொருத்துங்கள்.

அமைப்புகள்: ஒரு முறைக்கு ஒன்று

ஒரே நேரத்தில் நான்கு அமைப்பை மாற்றிவிட்டுச் 'சரியாகிவிட்டது' என்றால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த கேர்னல் புதுப்பிப்பில் மீண்டும் தொடக்கத்துக்கே வருவீர்கள். ஒன்றை மாற்று, சோதனையை ஓட்டு, எண்ணைக் குறித்துக்கொள், பழையபடி வை, அப்புறம் அடுத்தது.

தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்கிறீர்கள் என்றால், முதலில் பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகும்படி ஷட்டவுன் கட்டளையைப் போட்டுவையுங்கள். ஈத்டூலில் செய்யும் மாற்றங்கள் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும். இணைப்பு அறுந்தாலும் மெஷின் பழைய நிலைக்குத் தானே திரும்பும். எல்லாம் நன்றாக இருந்தால் ஷட்டவுனைச் சிறிய சி கொடுத்து ரத்து செய்யுங்கள்.

ரியல்டெக்கில் முதலில் தொட வேண்டியது ஏஎஸ்பிஎம் என்ற பிசிஐ மின்சேமிப்பு. ஆர்8169 டிரைவர் இதைக் கையாளும் விதம் கேர்னலுக்குக் கேர்னல் மாறி வந்திருக்கிறது. அதனால்தான் புதுப்பித்த மறுநாள் புதிதாகத் தொல்லை தொடங்குவதும் உண்டு. பலர் கேர்னல் தொடக்க வரியில் 'பிசிஐஇ ஏஎஸ்பிஎம் சமன் ஆஃப்' என்று போட்டுவிட்டு, அணைந்துவிட்டது என்று நம்புகிறார்கள். அந்த அமைப்பின் பொருள் வேறு. பயோஸ் எப்படி வைத்ததோ அப்படியே விட்டுவிடு, கேர்னல் தொடாதே என்பதுதான் அது. பயோஸ் இயக்கி வைத்திருந்தால் இயங்கிக்கொண்டே இருக்கும். எனவே பயோஸிலும் அணையுங்கள், அல்லது ஏஎஸ்பிஎம் பாலிசியை 'பெர்ஃபோமன்ஸ்' என்று வையுங்கள். பிறகு எல்எஸ்பிசிஐயில் உண்மையாகவே அணைந்ததா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அடுத்து ஈஇஇ என்ற ஈத்தர்நெட் மின்சேமிப்பு. லிங்க் அப், டவுன் என்று ஆடும் மெஷின்களில் இதை அணைத்துப் பார்ப்பது பலன் தரும்.

இன்டெல் ஈ1000ஈயில் 'யூனிட் ஹேங்' வந்தால், குறிப்பாக ஐ217, ஐ218, ஐ219 சிப்களில், ஈத்டூல் பெரிய கே கொண்டு டிஎஸ்ஓவையும் ஜிஎஸ்ஓவையும் அணையுங்கள். பெரிய தரவைப் பாக்கெட்டுகளாக வெட்டும் வேலையைக் கார்டிடம் விடாமல் சிபியு செய்துவிடும். இன்றைய சிபியுவில் 1 ஜிகாபிட் வேகத்துக்கு இந்தக் கூடுதல் வேலை பெரிதாகத் தெரியாது. இந்தத் தீர்வைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மிஸ்ட் எண்தான் பிரச்சினை என்றால் ஈத்டூல் சிறிய ஜியில் வளையத்தின் உச்ச அளவைப் பார்த்து, பெரிய ஜியில் கூட்டுங்கள். இன்டெல்லில் பெரும்பாலும் 4096 வரை போகும். ஆர்8169இல் 256 நிலையானது, கூட்ட முடியாது. வேலை ஒரே கோரில் குவிந்தால், பல வரிசை உள்ள கார்டில் இன்டரப்ட்களைக் கோர்களுக்குப் பிரித்துவிடலாம். ஒற்றை வரிசை ரியல்டெக்கில் ஆர்பிஎஸ் என்ற மென்பொருள் வழி உண்டு. 2010இல் வந்த 2.6.35 கேர்னலிலிருந்தே இருக்கிறது.

டிரைவரையே மாற்றுவது

இவ்வளவுக்குப் பிறகும் டைம்அவுட் வந்தால் இப்போது டிரைவர். முதலில் புதிய கேர்னலில் தொடங்கிப் பாருங்கள். பழையதில் நன்றாக ஓடியது என்றால் பழையதையும் பாருங்கள். எந்தப் பதிப்புக்கும் எந்தப் பதிப்புக்கும் இடையில் உடைந்தது என்று தெரிந்தால் அதுவே பெரிய தகவல். ரியல்டெக் நிறுவனம் தரும் ஆர்8168 டிரைவர் கடைசி வழி. சில திருத்தங்களில் அது ஆர்8169ஐ விட நிலையாக ஓடும். ஆனால் ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் டிரைவரை மறுபடி உருவாக்கும் டிகேஎம்எஸ் வழியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கேர்னல் புதுப்பிப்பில் கார்டே இல்லாமல் எழும்பும். ஆர்8169ஐத் தடைப்பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். செக்யூர் பூட் இயங்கினால் மொட்யூலுக்கு (டிரைவர் கோப்புக்கு) கையொப்பமும் வேண்டும். ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் ஃபயர்வோல் ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான்: அவற்றின் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டியின் ஆர்ஈ டிரைவரில் 'வாட்ச்டாக் டைம்அவுட்' வந்தால், ரியல்டெக் தரும் மொட்யூலைப் போட்டுப் பார்க்கலாம்.

விண்டோஸ் சேர்வரில், ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் என்டிஐஎஸ் 10400 என்ற எண்ணைத் தேடுங்கள். கார்ட் பதில் சொல்லாததால் ரீசெட் ஆகிறது என்பதே அதன் பொருள். டிவைஸ் மேனேஜரில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட், கிரீன் ஈத்தர்நெட் இரண்டையும் அணையுங்கள். மின்சேமிப்புக்காக இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுங்கள். பிறகு லார்ஜ் சென்ட் ஓஃப்லோட். கேபிள், சூடு, பிசிஐ பற்றிச் சொன்னவை அங்கும் அப்படியே பொருந்தும்.

வேறு கார்ட் வாங்குவது எப்போது?

அலுவலகம் ஒன்று இந்த சேர்வரை நம்பி இருக்கிறது, நீங்கள் ஏஎஸ்பிஎம், ஈஇஇ, கேர்னல் மூன்றையும் பார்த்துவிட்டீர்கள் என்றால், மேலும் போராட வேண்டாம். இன்டெல் ஐ210 அல்லது ஐ350 கார்ட் ஒன்றைப் போடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கமும் விசாரிக்கலாம். ஐ350க்குப் போலிகள் சந்தையில் உண்டு. வாங்கும் முன் மேலே சொன்ன அரை மணிச் சோதனையை ஓட்டிப் பார்க்கவோ, விழுந்தால் திருப்பித் தரவோ கடைக்காரரிடம் பேசி வையுங்கள். 2.5 ஜிகாபிட் ஐ225-வி இருக்கும் பழைய மதர்போர்டை மலிவாகக் கொடுத்தால் சிப்பின் திருத்தத்தைக் கேளுங்கள். முதல் திருத்தங்களில் பாக்கெட் இடைவெளி தொடர்பான வன்பொருள் குறை இருந்தது. புதிய கார்டைப் போட்டதும் மதர்போர்டில் இருக்கும் போர்ட்டைப் பயோஸில் அணைத்துவிடுங்கள்.

எந்த மாற்றம் பலித்ததோ அதை நிரந்தரமாக்க, மெஷின் தொடங்கும்போது தானாக ஓடும் ஒரு சிஸ்டம்டி சேவையில் எழுதுங்கள். ஏன் போட்டீர்கள், எந்தக் கேர்னலில், எந்த எண் எவ்வளவு குறைந்தது என்று அந்தக் கோப்பிலேயே குறிப்பாகச் சேருங்கள், உங்களுக்குப் பின் வருபவருக்காக. அதோடு, பேக்கப்புக்கு முன்னும் பின்னும் ஈத்டூல் பெரிய எஸ் வெளியீட்டைத் தேதி போட்டுச் சேமிக்கும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு க்ரோன் வேலையையும் வையுங்கள். இரண்டு வாரம் அந்தக் கோப்புகளில் டைம்அவுட், மிஸ்ட், சிஆர்சி மூன்றும் கூடாமல் நின்றால் சேர்வரை ஒப்படைக்கலாம்.